மூன்று மருத்துவர்கள், மூன்று பெயர்கள்: என் தங்கைக்கு உண்மையில் என்ன?

வாசகி ஒருவர் தன் தங்கையைப் பற்றி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

தங்கைக்கு 26 வயது. கல்லூரியில் படித்தபோது, 19 வயதில், பல வாரங்கள் அறையை விட்டு வெளியே வராமல் கிடந்திருக்கிறார். அப்போது பார்த்த மருத்துவர் டிப்ரஷன் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார், ஓரளவு தேறினார். 23 வயதில் கோபமும் அழுகையும் மாறி மாறி வர, வேறொரு மருத்துவர் ‘பைபோலார், இரண்டாம் வகை’ (மனநிலை உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்) என்றார். மனநிலையைச் சீராக்க அவர் எழுதிய மாத்திரை இன்றுவரை தொடர்கிறது. இரண்டு மாதத்துக்கு முன், தங்கை தன் கையில் காயம் ஏற்படுத்திக்கொண்டிருப்பதை வீட்டார் தற்செயலாகப் பார்த்திருக்கிறார்கள். பல மாதங்களாகவே அது நடந்துவந்திருக்கிறது. முழுக்கைச் சட்டை போட்டு மறைத்திருக்கிறார்.

மூன்றாவதாக ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். அவர் கால் மணி நேரம் தங்கையிடம் பேசிவிட்டு, அவரை வெளியே உட்காரச் சொல்லி, அக்காவை மட்டும் கூப்பிட்டு, "இது பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு. சுபாவத்திலேயே இருப்பது. மாத்திரைக்குப் பெரிதாகக் கேட்காது" என்றாராம். தங்கைக்கு இது தெரியாது. "அவளிடம் சொல்லிவிடாதே, இன்னும் ஒடிந்துபோவாள்" என்கிறார்கள் பெற்றோர். அக்கா இணையத்தில் தேடி, பத்துக் கேள்விகள் உள்ள ஒரு சோதனையைத் தங்கைக்குப் பதிலாகத் தானே செய்து பார்த்திருக்கிறார். எட்டுக்கு ‘ஆம்’ வந்திருக்கிறது.

கடிதத்தில் ஒரு நாளை அப்படியே விவரித்திருக்கிறார். காலையில் தங்கை தன் நெருங்கிய தோழிக்கு ஒரு செய்தி அனுப்புகிறார். மதியம்வரை பதில் இல்லை. மூன்று மணிக்கு "அவளுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது" என்று அழ ஆரம்பிக்கிறார். ஐந்து மணிக்குத் தோழியின் எண்ணை பிளாக் செய்கிறார். "அவளைப் போல சுயநலக்காரி யாருமில்லை" என்கிறார். இரவு கதவைத் தாழிட்டுக்கொள்கிறார். மறுநாள் தோழி நேரில் வந்து, ஃபோன் பழுதாகிவிட்டது என்று சொன்னதும், பத்து நிமிடத்தில் இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். "நாங்கள்தான் விடிய விடியத் தூங்கவில்லை" என்று எழுதியிருக்கிறார் அக்கா.

அவர் கேட்பவை இவை. மூன்றில் எது சரி? உறுதிசெய்ய ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ உண்டா? ஆளுமைக் கோளாறு என்றால் ஆயுளுக்கும் இப்படித்தானா? எங்கள் வீட்டில் யாரும் அவளை ஓர் அடிகூட அடித்ததில்லையே, பிறகு எப்படி வந்தது? எங்களை மிரட்டத்தான் இப்படிச் செய்கிறாளா? அவளிடம் சொல்வதா, மறைப்பதா?

மனநல மருத்துவரின் பதில்

அன்புள்ள வாசகிக்கு,

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. தங்கைக்கு எந்த நோய் என்று முடிவாகும்வரை அவருடைய பாதுகாப்பு காத்திருக்க முடியாது. "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று அவரிடம் நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே தூண்டிவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை, கேட்க ஓர் ஆள் இருப்பதே பலருக்குப் பெரிய ஆறுதல். அவர் ‘ஆம்’ என்றாலோ, எப்படி என்று யோசித்து வைத்திருந்தாலோ, காயங்கள் ஆழமாகிக்கொண்டே போனாலோ, அடுத்த அப்பாயின்ட்மென்ட் தேதியைப் பார்க்காதீர்கள். அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அதுவரை அவரைத் தனியாக விடாதீர்கள். வீட்டில் சேர்ந்திருக்கும் பழைய மாத்திரைகளை உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். கடைசியாக நீங்கள் கேட்ட ‘சொல்வதா, மறைப்பதா’ என்பதுதான் எனக்கு முதன்மையாகப் படுகிறது. ஒருவருடைய ஆளுமையைப் பற்றிய முடிவு அவர் இல்லாத அறையில் எடுக்கப்பட்டால், அது அரைகுறை முடிவுதான். நான் எழுதப்போகிற எல்லாம் அந்த இடத்துக்குத்தான் வந்து சேரும்.

கால் மணி நேரத்தில் எது தெரியும், எது தெரியாது

அனுபவமுள்ள மருத்துவருக்குக் கால் மணி நேரத்தில் சந்தேகம் வரலாம். அந்தச் சந்தேகம் சரியாகவும் இருக்கலாம். ஆனால் சந்தேகம் வேறு, நோயறிதல் வேறு. ஆளுமைக் கோளாறு என்று சொல்ல வேண்டுமானால், ஒருவர் தன்னைப் பார்க்கும் விதத்திலும் மற்றவர்களோடு பழகும் விதத்திலும் உள்ள சிக்கல் வளரிளம் பருவத்திலோ இளமையின் தொடக்கத்திலோ ஆரம்பித்து, வருடக்கணக்கில் நீடித்திருக்க வேண்டும். வீட்டில் மட்டும், அல்லது ஒரே ஓர் உறவில் மட்டும் தெரிந்தால் போதாது. படிப்பு, வேலை, நட்பு என்று பல இடங்களிலும் அதே வடிவம் தெரிய வேண்டும். அதனால் அவரோ சுற்றியிருப்பவர்களோ உண்மையிலேயே அவதிப்பட வேண்டும். வேறு நோயோ மருந்தோ போதைப்பொருளோ அதற்குக் காரணமாக இருக்கக் கூடாது.

பார்டர்லைன் வகைக்கு அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டி.எஸ்.எம்.-5 கையேடு (2013) ஒன்பது அடையாளங்களைத் தருகிறது. கைவிட்டுவிடுவார்களோ என்ற பதற்றத்தில் அதைத் தடுக்கத் தவியாய்த் தவிப்பது. ஒருவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிவிட்டு, கொஞ்ச நேரத்தில் அவரையே தூக்கியெறிவது. தான் யார், தனக்கு என்ன வேண்டும் என்பதே நிலையில்லாமல் இருப்பது. செலவு, போதை, சாப்பாடு, வண்டி ஓட்டுவது போன்றவற்றில் பின்விளைவை யோசிக்காத அவசரம். திரும்பத் திரும்ப வரும் தற்கொலை முயற்சி அல்லது தன்னைக் காயப்படுத்திக்கொள்ளல். மணிக்கணக்கில் ஏறி இறங்கும் மனநிலை. உள்ளுக்குள் எப்போதும் ஒரு வெறுமை. அடக்க முடியாத கோபம். மன அழுத்தம் முற்றும்போது மட்டும் வந்துபோகும் சந்தேகங்கள் அல்லது தன்னிலிருந்து தானே விலகி நிற்பது போன்ற உணர்வு. இவற்றில் குறைந்தது ஐந்து அடையாளங்கள் இருக்க வேண்டும்.

ஒன்பதில் ஐந்தோ அதற்கு மேலோ என்றால் 256 விதமான சேர்க்கைகள் சாத்தியம். ஒரே பெயர் சூட்டப்பட்ட இரண்டு பேருக்குப் பொதுவாக ஒரே ஓர் அடையாளம்தான் இருக்கிறது என்றுகூட ஆகலாம். அதனால் பெயரை மட்டும் கேட்டுவிட்டு, இணையத்தில் யாரோ ஒருவரின் அனுபவத்தைப் படித்து "நம் வீட்டிலும் இதுதான் நடக்கப்போகிறது" என்று நினைக்காதீர்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 வேறு வழியில் போகிறது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வகைப்பாடு இது. பழைய தனித்தனி வகைகளை அனேகமாகக் கைவிட்டுவிட்டது. ஆளுமைச் சிக்கல் எவ்வளவு கடுமையானது என்பதை முதலில் பார்க்கச் சொல்கிறது: லேசானதா, நடுத்தரமா, கடுமையானதா? கோளாறு என்று சொல்லும் அளவுக்குப் போகாத ‘ஆளுமைச் சிரமம்’ என்ற நிலைக்கும் அதில் இடம் உண்டு. அதற்குப் பிறகே எந்தக் குணக்கூறுகள் தூக்கலாக இருக்கின்றன என்ற விவரம். பார்டர்லைன் என்பதை அதில் ஒரு கூடுதல் குறிப்பாகச் சேர்க்கலாம். இந்த மாற்றம் எனக்குப் பிடித்திருக்கிறது. "இவர் எந்தப் பெட்டிக்குள் போவார்?" என்பதைவிட "இவருக்கு வாழ்க்கை எந்த அளவுக்குக் கஷ்டமாக இருக்கிறது?" என்ற கேள்விதான் சிகிச்சைக்கு உதவும்.

முறையான மதிப்பீடு என்றால் எப்படி இருக்கும்? ஒன்றுக்கு மேற்பட்ட சந்திப்புகள் தேவைப்படும். மருத்துவர் தங்கையிடம் நேராக, "உங்களுக்குக் கோபம் அதிகமா?" என்று கேட்டு நிறுத்திவிட மாட்டார். "கடைசியாக ஒரு நட்பு முறிந்தது எப்போது? அதற்கு முந்தின வாரம் அவரைப் பற்றி என்ன நினைத்தீர்கள்? முறிந்த அன்று இரவு என்ன செய்தீர்கள்? அதற்கு முன்னால் முறிந்த நட்பிலும் இப்படித்தான் நடந்ததா?" என்று ஒவ்வொன்றுக்கும் உதாரணம் கேட்பார். ‘ஆம்’ என்ற பதிலை வைத்து அல்ல, அந்த உதாரணங்களை வைத்துத்தான் முடிவு செய்வார். பள்ளி நாள்கள் எப்படி இருந்தன என்று கேட்பார். தங்கையின் சம்மதத்தோடு உங்களிடமும் பேசுவார். நம் சுபாவம் நமக்கே இயல்பாகத் தெரிவதால், வெளியிலிருந்து பார்த்தவரின் சொல்லும் தேவைப்படுகிறது. இதற்கென்றே வரிசைப்படுத்தப்பட்ட நேர்காணல் முறைகள் இருக்கின்றன. மருத்துவரோ கிளினிகல் சைக்காலஜிஸ்டோ அதை நடத்தலாம்.

இன்னொரு விஷயம் முக்கியம். கடும் டிப்ரஷனில் இருக்கும் ஒருவரிடம் "நீங்கள் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால், "எப்போதுமே நான் ஒன்றுக்கும் உதவாதவள், யாருக்கும் என்னைப் பிடிக்காது" என்பார். அந்த நேரத்து இருட்டு முழு வாழ்க்கைக்கும் பூசப்பட்டுவிடும். அதனால் நெருக்கடியில் பார்த்ததை மட்டும் வைத்து ஆளுமையை எடைபோடக் கூடாது. தங்கையை மூன்றாவது மருத்துவர் பார்த்தது நெருக்கடியின் நடுவில்தான்.

டிப்ரஷனா, பைபோலாரா, பார்டர்லைனா

மூன்றில் ஒன்றுதான் சரியாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. ஆளுமைக் கோளாறு உள்ளவர்களுக்கு டிப்ரஷன் வருவது மிகச் சகஜம். 19 வயதில் பார்த்த மருத்துவர் அன்று இருந்ததைச் சரியாகவே சொல்லியிருக்கலாம். அந்த வயதில் ஆளுமை இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது என்று பல மருத்துவர்கள் பொறுத்துப் பார்ப்பார்கள். அதில் தவறு சொல்ல மாட்டேன்.

பைபோலார் விஷயம்தான் அதிகம் குழம்பும் இடம். இரண்டிலும் மனநிலை மாறுகிறது. ஆனால் எவ்வளவு நேரத்தில், எதனால் மாறுகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டாம் வகை பைபோலார் என்று சொல்ல, ஒரு முறையாவது ஹைப்போமேனியா வந்திருக்க வேண்டும்: குறைந்தது நான்கு நாள் தொடர்ச்சியாக, நாளின் பெரும்பகுதி, வழக்கத்துக்கு மாறான உற்சாகம் அல்லது எரிச்சலோடு கூடுதல் சுறுசுறுப்பு. மூன்று மணி நேரம் தூங்கினாலும் களைப்பே தெரியாது, பேச்சு வேகமாகும், திட்டங்கள் குவியும். பார்க்கிறவர்களுக்கே "இது இவள் இல்லையே" என்று தோன்றும். யாரும் எதுவும் சொல்லாமலும் அது வரலாம். பார்டர்லைனில் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் சில மணி நேரம். அபூர்வமாகத்தான் சில நாளைத் தாண்டும். பின்னணியில் அனேகமாக ஓர் உறவு இருக்கும்.

நீங்கள் விவரித்த அந்த நாளைப் பாருங்கள். பதில் வரவில்லை என்பதில் தொடங்கி, தோழி வந்ததும் முடிந்துவிட்டது. மொத்தம் ஒரு நாள்கூட இல்லை. அந்த ஒரு நாள் பைபோலாரை விட பார்டர்லைன் வடிவத்துக்குத்தான் நெருக்கமாக இருக்கிறது. இதைச் சொல்லும்போதே எச்சரிக்கிறேன்: ஒரு நாள் ஒரு நாள்தான். அதே தங்கைக்கு வேறொரு சமயம் ஐந்து நாள் தூக்கமில்லாத உற்சாகமும் வந்திருந்தால், இரண்டுமே இருக்கலாம். இரண்டும் சேர்ந்திருப்பவர்கள் உண்டு. இரண்டாவது மருத்துவர் எதைப் பார்த்து அப்படி எழுதினார் என்று அவருடைய குறிப்பைக் கேட்டு வாங்குங்கள்.

"அப்படியானால் பைபோலார் மாத்திரையை நிறுத்திவிடலாமா?" என்று நினைக்க வேண்டாம். சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் நோய் வேகமாகத் திரும்பும். வேறு சில மாத்திரைகள் வலிப்பைக்கூடக் கொண்டுவரும். குறைப்பதாக இருந்தால் மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகத்தான். மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அது வால்ப்ரோயேட் என்றால், கர்ப்பத்தில் குழந்தைக்குக் கடுமையான பாதிப்பை உண்டாக்கக்கூடியது. 26 வயதுப் பெண்ணுக்கு அது ஏன் தொடர்கிறது என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். ஆனால் அதையும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

வேறு சிலவற்றையும் மருத்துவர் யோசிக்க வேண்டும். ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் கோளாறு இருந்தால் அவசரமும் கோபமும் 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்கும். ஆட்டிசம் பெண்களிடம் பல வருடம் கண்டுபிடிக்கப்படாமலே போவதுண்டு. பழைய அதிர்ச்சி அனுபவத்தின் பின்விளைவு, தைராய்டு, போதைப் பழக்கம், மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் மட்டும் கடுமையாகும் மனநிலை எல்லாமே பட்டியலில் உண்டு. இதற்கு மாறாக, நாற்பது ஐம்பது வயதுவரை நன்றாக இருந்த ஒருவரின் சுபாவம் திடீரென்று மாறினால் அதை ஆளுமைக் கோளாறு என்று சொல்லவே கூடாது. மூளையில் என்ன நடக்கிறது என்று உடனே பார்க்க வேண்டும்.

ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, இணையச் சோதனை

ஆளுமைக் கோளாறை உறுதிசெய்யும் ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ கிடையாது. தைராய்டுப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால், அது வேறு காரணம் இல்லை என்று பார்ப்பதற்காக. யாராவது ‘மூளை ஸ்கேனில் ஆளுமைக் கோளாறு தெரிந்துவிடும்’ என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

நீங்கள் செய்தது எந்தச் சோதனை என்று எழுதவில்லை. பத்துக் கேள்வி என்கிறீர்கள். அமெரிக்காவின் மக்லீன் மருத்துவமனையில் உருவான ஒரு புகழ்பெற்ற சோதனையும் பத்துக் கேள்விதான். அதில் ஏழும் அதற்கு மேலும் வந்தால், "இவரை விரிவாக மதிப்பிடுங்கள்" என்றுதான் பொருள். நோய் உறுதி என்று பொருள் இல்லை. அதைவிட முக்கியம், அந்தச் சோதனை சம்பந்தப்பட்டவரே பதில் சொல்வதற்காக எழுதப்பட்டது. "உங்களுக்கு நாள்பட்ட வெறுமை உணர்வு உண்டா?" என்ற கேள்விக்கு அக்கா எப்படி ‘ஆம்’ போட முடியும்? நீங்கள் பார்த்தது அழுகையை. உள்ளே வெறுமை இருந்ததா, பயமா, வெட்கமா என்று சொல்லக்கூடியவர் தங்கை ஒருவர்தான்.

இதே காரணத்தால் உங்கள் கடிதத்தை வைத்து நானும் தங்கைக்கு நோய்ப்பெயர் தர மாட்டேன். 1964இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற பேரி கோல்ட்வாட்டரைப் பற்றி ஒரு பத்திரிகை கருத்துக் கேட்டபோது, அவரை ஒரு முறைகூடப் பரிசோதிக்காத மனநல மருத்துவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், அவர் மனத்தளவில் அந்தப் பதவிக்குத் தகுதியற்றவர் என்றார்கள். 1973இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அப்படிச் சொல்வது நெறிக்கு விரோதம் என்று விதியே கொண்டுவந்தது. அது பொது வாழ்வில் இருப்பவர்களுக்கான விதி. ஆனாலும் அதன் நியாயம் உங்கள் தங்கைக்கும் பொருந்தும். "என் கணவர் நார்சிசிஸ்டா?", "என் மேலதிகாரி சைக்கோபாத்தா?" என்று எனக்கு எழுதுகிறவர்களுக்கும் இதுதான் பதில். அவர் உங்களை எப்படி நடத்துகிறார் என்பதைப் பற்றி நாம் பேசலாம், அதற்கு என்ன செய்யலாம் என்றும் பேசலாம். அவர் இல்லாமல் அவருக்கு நோய்ப்பெயர் வைக்க முடியாது.

"எங்களை மிரட்டுகிறாளா?"

நீங்கள் கோபத்தில் இதைக் கேட்கவில்லை, களைப்பில் கேட்கிறீர்கள் என்று புரிகிறது. பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பல மாதங்கள் முழுக்கைச் சட்டை போட்டு மறைத்தார் என்கிறீர்கள். மிரட்ட நினைப்பவர் காட்டுவார், மறைக்க மாட்டார். தன்னைக் காயப்படுத்திக்கொள்பவர்களில் பெரும்பாலோர் சொல்வது, தாங்க முடியாத ஓர் உணர்ச்சி அந்த நேரத்துக்குக் கொஞ்சம் அடங்குகிறது, அல்லது மரத்துப்போன மனத்தில் ஏதோ ஓர் உணர்வு திரும்புகிறது என்பதுதான். கேட்பதற்கு விசித்திரமாக இருக்கலாம். ஆனால் தங்கைக்கு இப்போது தெரிந்த ஒரே வழி அதுவாக இருக்கிறது. சிகிச்சையின் பெரும்பகுதி வேறு வழிகளைக் கற்றுக்கொடுப்பதுதான். இது சாவதற்கான முயற்சி இல்லை என்று அலட்சியமாக இருந்துவிடவும் வேண்டாம். இப்படிச் செய்பவர்களுக்குத் தற்கொலை அபாயம் மற்றவர்களைவிடக் கூடுதல்.

நீங்கள் செய்யக்கூடியது: காயத்தைப் பார்த்தால் கத்தாமல், சத்தியம் வாங்காமல், முதலில் காயத்துக்கு மருந்து போடுங்கள். "ரொம்பக் கஷ்டமாக இருந்திருக்கும்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். தோழி பதில் அனுப்பாத நாளில், "இதற்குப் போய் அழுவாயா" என்று சொல்ல வாய் வரும். தோழி விட்டுப்போய்விட்டாள் என்பது உண்மையில்லை. ஆனால் தங்கையின் பயம் உண்மை. பயத்தை ஒப்புக்கொண்டுவிட்டு, காரணத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். நெருக்கடி நேரத்தில் மட்டும் சுற்றி உட்காராமல், சாதாரண நாள்களிலும் அவரோடு நேரம் செலவழியுங்கள்.

"யாரும் அடித்ததில்லையே" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கோளாறு இருந்தால் வீட்டில் கொடுமை நடந்திருக்க வேண்டும் என்று எங்கோ படித்திருப்பீர்கள். சிறுவயதுக் கொடுமைகளை அனுபவித்தவர்கள் இவர்களில் கணிசமாக இருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் ஒன்பது அடையாளங்களில் அது இல்லை. அது இல்லாமலும் வரும். பரம்பரைக்குப் பங்கு உண்டு. பிறவியிலேயே உணர்ச்சிகளைச் சட்டென்றும் ஆழமாகவும் உணரும் குழந்தை, தன் உணர்ச்சிகள் திரும்பத் திரும்பத் தட்டிக்கழிக்கப்படும் சூழலில் வளரும்போது இது உருவாகலாம் என்பது உளவியலாளர் மார்ஷா லினெஹானின் விளக்கம். அந்தச் சூழலில் அன்பான பெற்றோரும் இருக்கலாம். குழந்தையின் வேகம் அவர்களுக்குப் பிடிபட்டிருக்காது. வீட்டுக்கு வெளியே உங்களுக்குத் தெரியாத ஏதாவது தங்கைக்கு நடந்திருக்கவும் இடம் உண்டு. அதைத் தோண்டித் துருவாதீர்கள். சொல்லத் தோன்றும்போது சொல்லலாம் என்ற நம்பிக்கையை மட்டும் கொடுங்கள்.

ஆயுளுக்கும் இப்படித்தானா?

இல்லை. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் வருத்தம் தந்த வரி, "சுபாவம் என்றால் மாறாதே" என்பது. நீண்டகால ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. மக்லீன் மருத்துவமனையில் மேரி ஜனரினி தலைமையில் 1992இல் தொடங்கிய ஆய்வு, உள்நோயாளிகளாகச் சேர்க்கப்படும் அளவுக்கு நோய் கடுமையாக இருந்த 290 பேரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பார்த்துவந்தது. 2010இல் வெளியான பத்தாண்டு முடிவில், 93 சதவீதம் பேருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் நோய் அடங்கியிருந்தது. அதே ஆய்வு சொன்ன இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: வேலையும் உறவுகளும்கூட நன்றாக அமைந்த முழுமையான மீட்சி பாதிப் பேருக்குத்தான் கிடைத்தது. காயப்படுத்திக்கொள்வதும் அவசரமும் முதலில் அடங்கும். வெறுமையும் தனிமைப் பயமும் மெதுவாகத்தான் குறையும். அதனால் நெருக்கடி ஓய்ந்ததும் "சரியாகிவிட்டது" என்று தெரபியை, அதாவது பேச்சுவழிச் சிகிச்சையை, நிறுத்திவிடக் கூடாது. படிப்பு, வேலை பக்கமும் அவருக்கு உதவி தேவைப்படும்.

"மாத்திரைக்குப் பெரிதாகக் கேட்காது" என்று மருத்துவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. பார்டர்லைனுக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. கூடவே இருக்கும் டிப்ரஷனுக்கோ வேறு நோய்க்கோ மருந்து பயன்படும். ஒவ்வொரு நெருக்கடிக்கும் ஒரு மாத்திரை சேர்ந்து, கடைசியில் ஐந்தாறு மாத்திரையில் போய் நிற்பதைத்தான் தவிர்க்க வேண்டும். ஆனால் மாத்திரைக்குக் கேட்காது என்றால் சிகிச்சைக்கே கேட்காது என்று பொருள் இல்லை. இதில் முதன்மைச் சிகிச்சை தெரபி. உணர்ச்சிகளைக் கையாளும் திறன்களைப் பழக்கும், லினெஹான் உருவாக்கிய டி.பி.டி., மற்றவர் மனத்தையும் தன் மனத்தையும் நிதானித்துப் பார்க்கப் பழக்கும் எம்.பி.டி. போன்றவை ஆய்வுகளில் பலன் காட்டியவை. 2011இல் லினெஹான், தானே இளம்வயதில் மருத்துவமனையில் நீண்டகாலம் இருந்ததையும் தன்னைக் காயப்படுத்திக்கொண்டதையும் வெளிப்படையாகச் சொன்னார்.

டி.பி.டி. தெரிந்தவர் உங்கள் பக்கத்தில் இல்லை என்றால் மனம் தளர வேண்டாம். கனடாவில் 180 பேரைக் கொண்டு நடந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வில், டி.பி.டி. பெற்றவர்களும், இந்த நோயைப் புரிந்த மனநல மருத்துவரிடம் ஒழுங்காக வாராவாரம் சிகிச்சை பெற்றவர்களும் ஓராண்டில் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேறியிருந்தார்கள். ஒரே ஆளிடம், விடாமல், நோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசிக்கொண்டு சிகிச்சை பெறுவதே பாதி வழி.

சொல்வதா, மறைப்பதா

வெளிப்படையாகப் பேசிக்கொண்டு என்றேன். மறைத்தால் அது எப்படி நடக்கும்? தெரபி என்பது தூங்குகிறவருக்குச் செய்யும் அறுவை சிகிச்சை அல்ல. தன் மனம் எப்படி வேலை செய்கிறது என்று அவரே கவனிக்க வேண்டும். எதைக் கவனிப்பது என்றே தெரியாதவரிடம் எதைச் செய்யச் சொல்வது? அது மட்டுமல்ல, உங்கள் தங்கையின் மிகப் பெரிய பயம் தனக்குப் பின்னால் எல்லோரும் ஏதோ பேசிக்கொள்கிறார்கள், தன்னை விட்டு விலகுகிறார்கள் என்பது. இப்போது உண்மையிலேயே வீட்டில் எல்லோரும் அவருக்குப் பின்னால்தான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஒருநாள் மருந்துச் சீட்டில் அவரே படித்துத் தெரிந்துகொண்டால், அந்தக் காயம் நோயின் பெயரைவிடப் பெரிதாக இருக்கும்.

உரிமை என்று பார்த்தாலும், 26 வயதுப் பெண்ணின் நோய் விவரம் அவருக்குச் சொந்தமானது. உயிருக்கு ஆபத்து என்றால் குடும்பத்தை எச்சரிப்பது மருத்துவரின் கடமை. அதற்கு மேல், அவருடைய சம்மதம் இல்லாமல் நோய்ப்பெயரை உங்களிடம் மட்டும் சொன்னது சரியில்லை. தன் நோயைப் பற்றித் தெரிந்துகொள்ளவும், எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்று கேட்கவும், வேறொரு மருத்துவரின் கருத்தைப் பெறவும், தெரபியை ஏற்கவும் மறுக்கவும் அவருக்கு உரிமை உண்டு.

சொல்வதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. ‘ஆளுமையே கோளாறு’ என்று கேட்டவுடன் "நானே தப்பானவள்" என்று எடுத்துக்கொள்ளலாம். இந்தப் பெயர் கோப்பில் ஏறிவிட்டால், வயிற்று வலி என்று போனாலும் "இவர் இப்படித்தான்" என்று ஒதுக்குகிற மருத்துவப் பணியாளர்களும் இருக்கிறார்கள். அதை மறைத்துச் சொல்ல மனம் வரவில்லை. அப்படி நடந்தால் வலியை முழுமையாகப் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை அவருக்கு இருக்கிறது, நீங்கள் துணை நில்லுங்கள். வேறு யாருக்குத் தெரிய வேண்டும் என்பதை அவரே முடிவு செய்யட்டும்; அலுவலகத்துக்கோ உறவினர்களுக்கோ நீங்கள் சொல்லக் கூடாது.

சொல்ல வேண்டியவர் நீங்கள் அல்ல, மருத்துவர். அதிலும் சண்டை நடக்கும் இரவில் "உனக்குப் பார்டர்லைன்" என்று ஒருபோதும் வாயில் வரக் கூடாது. நல்ல மருத்துவர் ஒன்பது அடையாளங்களையும் எளிய மொழியில் ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, "இது உங்களுக்குப் பொருந்துகிறதா? எப்போது நடந்தது?" என்று கேட்டுக்கொண்டே போவார். பலர் நடுவிலேயே "என்னைப் பற்றி இதை யார் எழுதினார்கள்?" என்று அழுதுவிடுவார்கள். இத்தனை வருடம் பெயரில்லாமல் இருந்த அவதிக்கு ஒரு பெயரும், சிகிச்சையும் உண்டு என்ற நிம்மதி அது. சிலர் "இது நான் இல்லை" என்பார்கள். அதையும் மருத்துவர் கேட்டுக்கொள்ள வேண்டும். சில சமயம் அவர்கள் சொல்வதுதான் சரி.

அடுத்த சந்திப்புக்கு முன்னால்

இரண்டு வழி இருக்கிறது. மூன்றாவது மருத்துவரிடமே திரும்பப் போய், "விரிவாக மதிப்பிட நேரம் ஒதுக்குவீர்களா? முடிவைத் தங்கையிடம் நீங்களே விளக்குவீர்களா?" என்று கேட்கலாம். அன்று கூட்ட நெரிசலில் அவசரமாகப் பேசியிருக்கலாம். கேட்டால் நேரம் தரக்கூடும். தட்டிக்கழித்தால் வேறொருவரிடம் போங்கள். ஆனால் நான்காவது, ஐந்தாவது என்று போய்க்கொண்டே இருக்காதீர்கள். மதிப்பீட்டுக்கு நேரம் தருபவராக ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவரிடம் நிலைத்து நிற்பது இந்த நோயில் மிக அவசியம்.

தங்கையிடம் இப்போதைக்கு இவ்வளவு சொன்னால் போதும்: "மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள், எங்களுக்கே குழப்பமாக இருக்கிறது. முதலிலிருந்து நிதானமாகக் கேட்கிற ஒருவரைப் பார்க்கலாமா? நானும் வருகிறேன்." இதில் பொய் எதுவும் இல்லை. "டாக்டர் உங்களிடம் என்ன சொன்னார்?" என்று அவரே கேட்டால், மழுப்பாதீர்கள். ஒரு சந்தேகத்தைச் சொன்னார், அதை உன்னிடமே அவர் விளக்க வேண்டும் என்று கேட்கப்போகிறோம் என்று சொல்லுங்கள். பெயரைச் சொல் என்று வற்புறுத்தினால், அமைதியான நேரமாக இருந்தால், சொல்லிவிடலாம்.

பெற்றோரையும் முதலில் உட்காரவைத்துப் பேசுங்கள். ஆளுக்கொன்று சொன்னால் காரியம் கெட்டுவிடும்.

கையோடு எடுத்துப் போக ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த வயதில் என்ன மாற்றம் தெரிந்தது, எந்த மாத்திரை எந்த அளவில் எப்போதிலிருந்து எப்போதுவரை, தூக்கமில்லாமல் உற்சாகமாக இருந்த நாள்கள் உண்டா, குடும்பத்தில் வேறு யாருக்காவது மனநோயோ தற்கொலையோ உண்டா. சில வாரங்களுக்குத் தினமும் மனநிலை, தூக்கம், மாதவிடாய்த் தேதி, அன்று நடந்த முக்கியமான சம்பவம் இவற்றை ஒரு வரியில் குறித்துவைக்கத் தங்கையையே கேளுங்கள். பைபோலாரா இல்லையா என்ற கேள்விக்கு அந்தக் குறிப்பு பெரிதும் உதவும்.

நீங்கள் எழுதும் தாளைத் தங்கைக்குத் தெரியாமல் மருத்துவரிடம் நீட்டாதீர்கள். முன்னாடியே அவரிடம் காட்டுங்கள். "இது அப்படி நடக்கவில்லை" என்று அவர் சொல்லும் இடத்தில் அவர் சொல்வதையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவரின் அறைக்குள் தனியாகப் போகிறேன் என்றால் போகட்டும், தாளையும் அவரிடமே கொடுத்தனுப்புங்கள். மருத்துவர் பிறகு உங்களை உள்ளே கூப்பிட்டால், தங்கையை வெளியே உட்காரவைக்காமல், அவரும் கூடவே இருக்கலாமா என்று கேளுங்கள்.